மூன்று நாள் சலுகைக்கு எதற்கு அலுமினியத் தகடு?

விளம்பரப் பலகை விதிகளை எழுதவும் திருத்தவும் அதிகாரம் பெற்ற உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நான் பலகை எழுதிப் பிழைப்பவன். எனாமல் பெயின்ட்டும் மெல்லிய பிரஷுமாகத் தொடங்கினேன். இப்போது இயந்திரம் வெட்டித் தரும் வினைலையும் அக்ரிலிக் எழுத்துகளையும் ஒட்டுகிறேன். என் ஊர் எது என்பது இந்த மடலுக்குத் தேவையில்லை. நான் சொல்லப்போகும் பலகைகள் எல்லா ஊர்த் தெருக்களிலும் தொங்குகின்றன. நீங்கள் எந்த மன்றத்தில் உட்கார்ந்திருந்தாலும் இது உங்களுக்கு எழுதியதுதான்.

முதலில் ஒரு வாக்குமூலம். ஒரு வாடிக்கையாளர் ‘சிறப்புச் சலுகை – மூன்று நாட்கள் மட்டும்’ என்று பலகை கேட்டு வந்தார். எதில் செய்யட்டும் என்றேன். வெயிலில் வெளுக்கக் கூடாது, மழையில் உப்பக் கூடாது, அலுமினியத் தகட்டில் செய்துவிடுங்கள் என்றார். நான்கு மூலையிலும் துளை, துருப்பிடிக்காத திருகு. மூன்று நாள் சங்கதிக்குத் துணி போதும், காகிதம்கூடப் போதும். பத்து வருடம் நிற்கிற தகட்டை ஒருவர் கேட்டால், அவருடைய மூன்று நாள் எவ்வளவு நீளம் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் செய்து கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அதே பலகை பட்டறைக்குத் திரும்பி வந்தது. வாசகத்தை மாற்றுவதற்காக அல்ல. ‘மட்டும்’ என்ற சொல்லில் ஓர் எழுத்து உதிர்ந்துவிட்டது, ஒட்டித் தாருங்கள் என்றார்.

ஒட்டியும் கொடுத்தேன். அதனால் மற்றவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். ஆனால் ஏமாற்றும் பலகை எப்படித் தயாராகிறது என்று உள்ளேயிருந்து சொல்ல, அதைத் தயாரித்தவனை விட்டால் வேறு ஆள் இல்லை.

உங்கள் விண்ணப்பப் படிவங்கள் எனக்கு மனப்பாடம். நீளம், அகலம், தரையிலிருந்து உயரம், சாலையிலிருந்து தூரம், காற்றைத் தாங்கும் சட்டம், விளக்கு உண்டா இல்லையா. எல்லாமே இரும்பைப் பற்றிய கேள்விகள். வாசகத்துக்கு வரும்போது மட்டும் படிவம் திடீரென்று வீட்டுப் பெரியவர் குரலில் பேசத் தொடங்கும்: ஆபாசமான, அருவருப்பான, பொது நாகரிகத்துக்கு ஒவ்வாத, எவர் மனத்தையும் புண்படுத்தும் விளம்பரங்களுக்கு அனுமதி இல்லை. அந்த வாக்கியத்தின் வாலில், ஒரு காற்புள்ளிக்குப் பிறகு, ‘ஏமாற்றும்’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வாக்கியத்தின் தலைக்காகப் பலகைகள் இறக்கப்பட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வாலுக்காக ஒரு பலகைகூட இறங்கி நான் பார்த்ததில்லை.

நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எது புண்படுத்தும் என்று அளக்க உங்களிடம் கோல் கிடையாது. எது ஏமாற்றும் என்று அளக்கக் கோல் உண்டு. அங்குலத்திலும் நாளிலும் அளந்துவிடலாம். கோல் இல்லாத இடத்தில்தான் மன்றங்கள் மணிக்கணக்கில் அளந்துகொண்டிருக்கின்றன.

அங்குலத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ஓர் அங்குல உயரமுள்ள எழுத்தைப் பத்தடி தூரத்தில் சுகமாகப் படிக்கலாம். கண் நல்ல கண்ணாக இருந்தால் முப்பதடி வரை தாங்கும். அமெரிக்கச் சாலைக் குறியீடுகளுக்கான கூட்டரசுக் கையேடும் தன் 2009 பதிப்பில் அங்குலத்துக்கு முப்பதடி என்றுதான் கணக்கு வைக்கிறது. இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில் நாற்பதடி அகலப் பலகை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சலுகை வாசகம் ஆளுயரத்தில் இருக்கும். கீழே நட்சத்திரக் குறி போட்டு ஒரே வரியில் நிபந்தனைகள், எழுத்தின் உயரம் இரண்டு அங்குலம். எவ்வளவு தாராளமாகப் பார்த்தாலும் அந்த வரி அறுபது அடிக்குள், அதாவது சுமார் 18 மீட்டருக்குள் வந்த பிறகுதான் படிக்க வரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடும். ஆக நிபந்தனைகளைப் படிக்க ஓட்டுநருக்குக் கிடைப்பது ஒரு வினாடி. நான் ஒட்டிய அப்படிப்பட்ட வரி ஒன்றில் எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு சொற்கள் இருந்தன. அந்த ஒரு வினாடியில் அவர் சாலையைப் பார்க்க வேண்டும் என்பது தனிக் கதை.

அந்த வரி படிப்பதற்காக எழுதப்படுவதில்லை. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் ‘அங்கேதான் போட்டிருந்தோமே’ என்று சொல்வதற்காக எழுதப்படுகிறது. வாடிக்கையாளர்கள் இதை மறைப்பதும் இல்லை. “அது கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும்” என்பார்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர்ச் சாம்பல் எழுத்து, அதுதான் கண்ணை உறுத்தாத நிறம். என் வினைல் அலமாரியில் வெளிர்ச் சாம்பல் சுருள் வேறு எதற்கும் தீர்வதில்லை.

பலகைகளில் மிகச் சிறிதாக எழுதப்படும் தமிழ்ச் சொல் எது தெரியுமா? ‘வரை’. ‘50 சதவீதம் வரை தள்ளுபடி’ என்ற வாசகத்தில் ஐம்பது மூன்றடி உயரம், தள்ளுபடி ஒன்றரையடி, ‘வரை’ இரண்டு விரல் அகலம். ஒருவர் அந்தச் சொல்லைப் பூஜ்யத்தின் வயிற்றுக்குள் போடச் சொன்னார். இடமும் மிச்சம், பார்க்கவும் லட்சணமாக இருக்கும் என்றார். லட்சணமாகத்தான் இருந்தது. தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தால் பூஜ்யத்துக்குள் ஒரு சிறு பூவேலை மாதிரித் தெரியும். சொல் இருக்கிறது, பொய் எங்கும் இல்லை, ஆனாலும் பார்க்கிறவர் ஏமாறுகிறார். 1948-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு பத்திரிகைப் போட்டி விளம்பரம் பற்றிய வழக்கில், ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே உண்மையாக இருந்தாலும் விளம்பரம் முழுவதுமாக ஏமாற்றக்கூடும் என்று சொல்லிவிட்டது. 1985-இல் வந்த இன்னொரு வழக்கு இதைவிடச் சுவையானது. ஒஹையோ வழக்கறிஞர் ஒருவர், வழக்கில் இழப்பீடு கிடைக்காவிட்டால் எனக்குக் கட்டணம் தர வேண்டாம் என்று விளம்பரம் செய்திருந்தார். கட்டணம் வேண்டாம்தான், ஆனால் நீதிமன்றச் செலவுகள் கட்சிக்காரர் தலையில் விழும் என்பதை அவர் சொல்லவில்லை. சட்டம் படிக்காதவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தோன்றும், எனவே சொல்லியே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம்.

இதற்கு நீங்கள் எழுத வேண்டிய விதி ஒரு வரிதான். சலுகையைக் குறுக்கும் எந்தச் சொல்லும் சலுகை எழுத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது, அதே நிறத்தில், அதே மொழியில், அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இது என் கற்பனை விதி அல்ல. இந்தியாவில் 2022-இல் வந்த தேசிய வழிகாட்டு நெறிகள், வாசகம் எந்த மொழியில், எந்த எழுத்துருவில் இருக்கிறதோ அதிலேயே விளக்கக் குறிப்பும் இருக்க வேண்டும் என்கின்றன. தேசிய அளவில் எழுதுகிறவர்களால் அங்குலக் கணக்குக்கு இறங்க முடிவதில்லை. அவர்கள் செய்தித்தாளுக்கும் தொலைக்காட்சிக்கும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. தெருவில் டேப்பைப் பிடித்து அளக்கக்கூடிய அரசு நீங்கள் மட்டும்தான்.

அடுத்து நாள் கணக்கு. ‘கடையை மூடுகிறோம், எல்லாம் காலி’ என்ற பலகையை ஒரே கடைக்கு நான் மூன்று முறை புதுப்பித்திருக்கிறேன். அமெரிக்காவில் பல நகரங்களும் மாநிலங்களும் இந்த ஒரு வாசகத்துக்காகவே தனி உரிமம் வைத்திருக்கின்றன. கடையை மூடுகிறோம் என்று பலகை வைக்க வேண்டுமானால் இருப்பில் உள்ள சரக்கின் பட்டியலைக் கொடுக்க வேண்டும், குறித்த நாட்களுக்குள் விற்று முடிக்க வேண்டும், இடையில் புதுச் சரக்கு இறக்கக் கூடாது. மூடுகிறவருக்கு இது பெரிய தொல்லையல்ல. எப்படியும் பட்டியல் எடுக்கத்தான் போகிறார். மூடாதவருக்குத்தான் தொல்லை. நல்ல விதிக்கு இதைவிட வேறு இலக்கணம் எனக்குத் தெரியாது.

அடித்துக் காட்டும் பழைய விலையும் இதே ரகம். பெரிய எண்ணைக் குறுக்குக் கோட்டால் அடித்து, கீழே சின்ன எண்ணைச் சிவப்பில் எழுதுவோம். அந்தப் பெரிய விலைக்கு அந்தப் பொருள் என்றைக்காவது விற்றதா என்று நான் கேட்டதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் கேட்டது. 2022 மே 28 முதல் அங்கே விலைக் குறைப்பை அறிவிக்கிறவர், குறைப்பதற்கு முந்தைய 30 நாட்களில் அந்தப் பொருளை விற்ற மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். திங்கள்கிழமை ஏற்றிச் செவ்வாய்க்கிழமை இறக்கும் வித்தை அதோடு முடிந்தது.

உங்கள் படிவத்தில் இரண்டே இரண்டு கட்டங்களைச் சேருங்கள் என்று கேட்கிறேன். சலுகை முடியும் தேதி. பலகை செய்யப்படும் பொருள். தேதியைப் பலகையிலேயே எண்ணில் எழுத வேண்டும். பொருள் தகடு என்றும் சலுகை மூன்று நாள் என்றும் எழுதப்பட்டிருந்தால் உங்கள் எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எதிரில் இருப்பவரை ஒரு பார்வை பார்க்கட்டும், போதும். தேதி முடிந்தால் பலகையும் இறங்க வேண்டும் என்பது புதுமையும் அல்ல. இங்கிலாந்தில் வீட்டுக்கு முன்னால் நடும் விற்பனைப் பலகையை, விற்பனை முடிந்த 14 நாட்களுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது.

‘உலகிலேயே சிறந்த’, ‘மக்கள் மனம் கவர்ந்த’ போன்ற வாசகங்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவை யாரையும் ஏமாற்றுவதில்லை. பலகை என்றால் கொஞ்சம் பீற்றத்தான் செய்யும் என்று படிக்கிறவருக்குத் தெரியும். ஆனால் எண் வந்துவிட்டால் நிலைமை வேறு. லண்டனில் 1891-இல் ஒரு நிறுவனம், மூக்கால் மருந்துப் புகை இழுக்கும் எங்கள் புகைக் குண்டைச் சொன்னபடி பயன்படுத்திய பிறகும் ஃபுளூ காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருகிறோம், அதற்காக வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருக்கிறோம் என்று விளம்பரம் செய்தது. கார்லில் என்ற பெண்மணி பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது, பணம் கேட்டார். அது வெறும் விளம்பரப் பேச்சு என்றது நிறுவனம். வங்கியில் பணம் போட்டதாகச் சொன்ன பிறகு அதை வெறும் பேச்சு என்று எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டது நீதிமன்றம். 1892-இல் மேல்முறையீட்டிலும் கார்லில்தான் வென்றார். ‘நாங்கள் சிறந்தவர்கள்’ என்றால் விட்டுவிடுங்கள். ‘பத்தில் ஒன்பது பேர்’ என்றால் அந்தப் பத்துப் பேரின் கணக்கு எங்கே என்று கேளுங்கள். சொல்வதற்கு முன்பே ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 1972-இலேயே நிலைநாட்டிய நெறி இது.

டிஜிட்டல் திரைகள் வந்த பிறகு என் வயிற்றுப்பாட்டில் பாதி போயிற்று என்பதால் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள். அமெரிக்காவில் பல இடங்களில் ஒரு படம் குறைந்தது 8 வினாடி திரையில் நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்லதுதான், அது ஓட்டுநரின் கவனத்துக்காக வந்த விதி. ஆனால் சலுகையை முதல் படத்திலும் நிபந்தனையை மூன்றாவது படத்திலும் போட்டால்? மூன்றாவது படம் வருவதற்குள் வண்டி போய்விட்டிருக்கும். தகட்டில் எழுதிய பொய்க்குத் தகடாவது சாட்சி. திரையில் எழுதிய பொய் புகார் கொடுக்கப் போவதற்குள் மறைந்துவிடும். எந்தப் படம் எந்த நேரத்தில் ஓடியது என்ற பதிவை வைத்திருக்கச் சொல்லுங்கள். சலுகையும் நிபந்தனையும் ஒரே படத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

உங்கள் முகத்தையே போட்டுக்கொண்டு வரும் பலகைகள் இன்னொரு வகை. நீல வட்டம், வெள்ளை அம்புக்குறி, அரசு எழுத்துரு, மேலே ‘அறிவிப்பு’. அருகில் போய்ப் பார்த்தால் தனியார் வாகன நிறுத்தத்துக்கு வழிகாட்டும் விளம்பரம். இதையும் நான் செய்திருக்கிறேன். மக்கள் உங்கள்மேல் வைத்திருக்கும் கொஞ்சநஞ்ச நம்பிக்கையை வாடகை கொடுக்காமல் ஒருவர் எடுத்துக்கொள்கிறார். இதற்காவது நீங்கள் கோபப்பட்டிருக்க வேண்டாமா?

கோபம் என்றதும் அருவருப்புக்கு வருகிறேன். இங்கே நான் கொஞ்சம் தயங்கித்தான் பேச வேண்டும். தெருவில் நடக்கிறவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிடிக்காத பத்திரிகையை மூடிவிடலாம், பிடிக்காத தெருவை மூட முடியாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் புகையிலை விளம்பரத் தடை பற்றிய 1932 வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பிராண்டைஸ் இதைத்தான் சொன்னார்: தெருப் பலகைகளைப் பார்ப்பவர் விரும்பிப் பார்ப்பதில்லை, அவை அவர் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்படுகின்றன. பள்ளிக்கூட வாசலில் எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது என்று நீங்கள் சொல்வதில் எனக்கு வருத்தமே இல்லை. எனக்கே கை வராத வேலைகள் உண்டு. உடல் இளைக்க வைக்கும் நிலையம் ஒன்றுக்காக, ஒரு பெண்ணைப் பூசணியாக வரைந்து தரச் சொன்னார்கள். வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் நான் மறுத்தது என் கை. நீங்கள் மறுப்பது சட்டம். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் இருக்க முடியாது.

ஏன் என்று கேட்டால், அருவருப்பு என்ற சொல் எப்போதும் எதிர்பாராத ஆள்மேல் போய் விழுகிறது. நியூயார்க் மாநிலம் கருத்தடைச் சாதனங்களை விளம்பரம் செய்யவே கூடாது என்று சட்டம் வைத்திருந்தது. பார்ப்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 1977-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணம் போதாது என்று தள்ளியது. ஜெர்மனியில் பெனட்டன் துணி நிறுவனத்தின் விளம்பரங்கள்: எண்ணெயில் நனைந்த பறவை, வேலை செய்யும் குழந்தைகள், ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று முத்திரை குத்திய உடல். துணி விற்க இது தேவையா என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. கீழ் நீதிமன்றங்கள் தடுத்தன. அரசியல் சாசன நீதிமன்றம் 2000-இலும் மறுபடி 2003-இலும் தடையை நீக்கியது. உலகத்தின் துயரம் தெரியாமல் குடிமகன் மனம் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பேச்சைத் தடுக்க முடியாது என்பதே அது சொன்னதன் சாரம். மனம் புண்படுகிறது என்று ஒருவர் சொல்லும்போது, புண்படுத்தியது பலகையா, பலகை காட்டிய உண்மையா என்று பிரித்துப் பார்க்க உங்கள் எழுத்தரால் முடியுமா?

லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் 2015-இல் ஒட்டப்பட்ட மஞ்சள் சுவரொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எடை குறைக்கும் பொருள் ஒன்றின் விளம்பரம். நீச்சலுடையில் ஒரு மெலிந்த பெண், கடற்கரைக்கு உங்கள் உடல் தயாரா என்று ஒரு கேள்வி. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையத்துக்கு 378 புகார்கள் போயின, தெருவில் போராட்டம் நடந்தது. கோபம் முழுக்க அந்தக் கேள்வியின்மேல்தான். ஆணையம் ஆராய்ந்து, அது பொறுப்பற்றதோ பரவலாகப் புண்படுத்துவதோ அல்ல என்று தீர்ப்பு சொன்னது. ஆனால் அதே சுவரொட்டி அதே வடிவில் மறுபடி வரக் கூடாது என்றும் சொல்லியிருந்தது. எதற்காக? எடை குறையும், உடல்நலம் கூடும் என்ற வாசகங்களில் சந்தேகம் இருந்ததற்காக. ஊரே ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தபோது, சுவரொட்டியை உண்மையில் நிறுத்தியது யாரும் பார்க்காத இன்னொரு பக்கம். அடுத்த ஆண்டு மேயர் சாதிக் கான், உடலைப் பற்றி ஏக்கத்தை உண்டாக்கும் விளம்பரங்களை நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் இடங்களில் ஏற்க வேண்டாம் என்று முடிவு செய்தார். அதை நான் குறை சொல்லமாட்டேன். சொந்தச் சுவரில் எதை ஒட்டலாம் என்று சுவர்க்காரர் சொல்வது வேறு. ஊரிலுள்ள எல்லாச் சுவர்களுக்கும் ஆணையிடுவது வேறு. உங்கள் பஸ் நிறுத்தமும் உங்கள் மின்கம்பமும் உங்களுடையவை. அங்கே கறாராக இருங்கள், யார் கேட்கப்போகிறார்கள்?

சக்கரம் வைத்த பலகைகள் வேறு தலைவலி. ஆஸ்திரேலியாவில் சுற்றுலா வேன்களின் பின்புறம் பெண்களை இழிவுபடுத்தும் வாசகங்களை எழுதி வாடகைக்கு விட்டார்கள். உள்ளூர் மன்றத்தால் என்ன செய்ய முடியும், வண்டி காலையில் ஓர் ஊரில், மாலையில் இன்னோர் ஊரில். கடைசியில் குயின்ஸ்லாந்து 2017-இல், விளம்பரத் தர அமைப்பின் முடிவுக்குக் கட்டுப்படாத வண்டியின் பதிவையே ரத்து செய்யலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. உங்கள் கைக்கு எட்டாததை எட்டுகிறவரிடம் கொடுத்துவிடுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

உங்கள் அதிகாரத்துக்கு எல்லை எங்கே என்பதும் ஊருக்கு ஊர் மாறும். இங்கிலாந்தில் 2007 விதிமுறைகளின்படி, உள்ளூர்த் திட்ட அதிகாரம் விளம்பரப் பலகையைப் பற்றி முடிவெடுக்கும்போது சுற்றுப்புற அழகையும் பொதுப் பாதுகாப்பையும்தான் பார்க்கலாம். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் அந்த இரண்டுக்கும் தொடர்பில்லாமல் கை வைக்க முடியாது. அமெரிக்காவில் அரிசோனாவின் கில்பர்ட் நகரம், கொள்கை சொல்லும் பலகைக்கு 20 சதுர அடி, ஒரு சின்னத் தேவாலயம் வழிபாட்டுக்கு வழிகாட்டும் பலகைக்கு 6 சதுர அடி, அதையும் வழிபாடு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று விதித்தது. 2015-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரும் அந்த விதி செல்லாது என்றார்கள். அதற்கு முன்பு, 1993-இல் சின்சினாட்டி நகரம் அதே நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டது. வணிக விளம்பரத் தாள்கள் வைக்கும் 62 பெட்டிகள் நடைபாதைக்கு இடைஞ்சல் என்று அகற்றச் சொன்னது. அதே நடைபாதையில் செய்தித்தாள் பெட்டிகள் 1,500-க்கு மேல் நின்றுகொண்டிருந்தன. தீங்கைப் பார்க்காமல் பெயர்ச் சீட்டைப் பார்த்து விதி எழுதினால் இப்படித்தான் ஆகும். ஆனால் இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் ஓர் அடிப்படை மாறவில்லை: ஏமாற்றும் வணிக விளம்பரத்துக்குப் பேச்சுரிமையின் காப்பு கிடையாது என்று 1980-இல் அதே நீதிமன்றம் வகுத்தது அப்படியே நிற்கிறது. நீங்கள் தயங்கி நிற்கும் இடத்தில்தான் உங்கள் கால் உறுதியாக ஊன்றும்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் அகற்றிவிட்டால் என்ன என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். பிரேசிலின் சாவ் பாவ்லோ செய்தது. 2007 ஜனவரி 1 முதல் வெளிப்புற விளம்பரப் பலகைகளுக்கு அந்த மாநகரத்தில் இடமில்லை, ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். கடைக்குத் தன் பெயர்ப்பலகை மட்டும் உண்டு, அதுவும் முகப்பு 10 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் ஒன்றரைச் சதுர மீட்டர். படங்களில் பார்த்தேன், கட்டடங்களுக்கு முகம் திரும்பி வந்திருந்தது. என் தொழிலுக்கு எதிரானது என்றாலும் அழகை மறுக்க மனம் வரவில்லை. ஆனால் அது கண்ணில் படும் நெரிசலைக் குறைக்கும் சட்டம். ஒன்றரைச் சதுர மீட்டரில் தாராளமாக ஏமாற்றலாம். நான் அரைச் சதுர மீட்டரிலேயே செய்து கொடுத்திருக்கிறேன்.

தண்டனை பற்றி ஒரு சொல். நீங்கள் விதிக்கும் அபராதத்தை என் வாடிக்கையாளர்கள் பலகைச் செலவோடு சேர்த்தே போட்டுவிடுகிறார்கள், திருகு இவ்வளவு, இரும்புச் சட்டகம் இவ்வளவு, அபராதம் இவ்வளவு என்று. அதற்குப் பதில் திருத்தம் எழுத வையுங்கள். வாய் கொப்பளிக்கும் மருந்து ஒன்று சளியைத் தடுக்கும் என்று பல்லாண்டு விளம்பரம் செய்தது. தடுக்காது என்பதை அதன் விளம்பரங்களிலேயே, ஒரு கோடி டாலர் அளவுக்கு விளம்பரம் செய்து முடியும்வரை, சொல்லிக்கொண்டே வர வேண்டும் என்று அதே அமெரிக்க வணிக ஆணையம் 1975-இல் ஆணையிட்டது. 1977-இல் மேல்முறையீட்டிலும் ஆணை பெருமளவு நின்றது. பலகைக்கு இது இன்னும் எளிது. அதே இடம், அதே அளவு, அதே சிவப்பு: ‘இங்கே அறிவித்த மூன்று நாள் சலுகை இரண்டு ஆண்டுகளாக நடந்துவருகிறது.’ எத்தனை நாள் ஏமாற்றியதோ அத்தனை நாள் அது தொங்கட்டும். அப்படி ஒரு பலகையைக் கூலி வாங்காமல் செய்து தருகிறேன், அலுமினியத் தகட்டிலேயே.

செய்தவனின் பெயரும் பலகையின் மூலையில் இருக்க வேண்டும் என்று விதி எழுதுங்கள். என் சங்கத்து ஆட்கள் இதற்காக என்னைத் திட்டுவார்கள். பெயர் போட வேண்டும் என்று இருந்திருந்தால் பூஜ்யத்துக்குள் ‘வரை’ எழுதியிருப்பேனா என்று நேற்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். எழுதியிருக்கமாட்டேன்.

இன்று காலையில் அலுமினியத் தகட்டுக்காரர் மறுபடி வந்து பலகையை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எழுத்து எதுவும் உதிரவில்லை. ‘மூன்று’ என்பதை எடுத்துவிட்டு ‘இரண்டு’ என்று போட வேண்டுமாம், இன்னும் அவசரமாகத் தெரியும் என்கிறார். என்றைக்கு முடிகிறது என்று தேதி சொன்னால் அதையும் சேர்த்து ஒட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பலகை இன்னும் பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.

இப்படிக்கு,
பலகை எழுதுபவன்